அடியில் மயில்கழுத்து

கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு அவன் அவசரமாகத் திரும்பிப் போனதுதான் கலரக்காவுக்கு முதலில் உறுத்தியது.

அப்படிப் போகிற ஆள் இல்லை அவன். ஒரு வாத்தியத்தைச் செய்து முடித்துப் பின்னறைக்குக் கொண்டுவந்தால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போக மனமில்லாத தகப்பன் மாதிரி சுற்றிச் சுற்றி வருவான். இங்கே அழுத்தாதே, அங்கே பார்த்துத் தேய் என்று ஆயிரம் சொல்வான். அன்றைக்கு, "மயில்கழுத்துக் கலர். நல்லா ஆழமா வேணும்" என்றான்.

"யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்று கதவைப் பார்த்துச் சொன்னான். அடுத்த நிமிஷம் ஆள் இல்லை.

அவன் அவளுடைய முன்னாள் கணவன். முன்னறையில் அவன் மரம் அறுத்து, குடைந்து, ஒட்டி, கிட்டார் செய்வான். பின்னறையில் அவள் அதற்குச் சாயம் ஏற்றி மெருகு போடுவாள். நடுவில் ஒரு கதவு. தூசி வராமலிருக்க அதன் அடியில் பழைய துணி சொருகியிருக்கும். கல்யாணம் முறிந்தபோது பாத்திரம் பண்டம், நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். பட்டறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அவன் சாயம் பூசினால் மரத்துக்குச் சொறி பிடித்த மாதிரி இருக்கும். அவள் உளியைத் தொட்டால் கட்டுப் போட ஆள் தேட வேண்டும். ஆகவே நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையிலும் இருவரும் வேலைக்கு வந்தார்கள். ஒரே ஒரு மாற்றம். அதுவரை அவனை 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து 'நீங்க' என்றாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

மாமியாரையும் பிரிக்க முடியவில்லை. "விவாகரத்து உங்க ரெண்டு பேருக்குள்ள. எனக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு அவர் மருமகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். மகன் வாடகைக்கு எடுத்த அறைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் குளியலறையில் மனுஷன் குளிப்பானா என்றதோடு சரி.

கலரக்கா கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே பாதி குடைந்த உடம்பு. மேலே மேப்பிள் பலகை ஒட்டி, ஓரத்தைச் சுற்றி வெள்ளை மரத்தில் மெல்லிய பட்டை பதித்திருந்தான். பலகையில் புலிவரி அலையலையாக ஓடியது. இப்படிப்பட்ட பலகையை அவன் பரண்மேல் ஒளித்து வைத்திருப்பான். எவ்வளவு வேண்டியவர்கள் கேட்டாலும் கண்ணில் காட்ட மாட்டான். கழுத்துக் கட்டையைப் பிடித்துப் பார்த்தாள். வழக்கத்தைவிட மெலிசு. சின்னக் கைக்கு அளவெடுத்த கழுத்து.

பெண் கை.

சரி, நமக்கென்ன என்று ஈரத்துணியால் மரத்தைத் துடைத்தாள். ஈரம் பட்டதும் நார் சிலிர்த்து எழுந்தது. அது காய்வதற்குள் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். காய்ந்திருக்கவில்லை. இன்னொரு முறை போனாள். அவளுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பார் மாமியார். சாய வேலைக்கு ஆகாத குணம் அது. இந்தத் தொழிலில் பாதி வேலை சும்மா இருப்பதுதான், அந்தப் பாதிதான் அவளுக்கு வரவே வராது. பார்த்துக்கொண்டே நின்றால் கை தொட்டுவிடும், தொட்டால் கெட்டுவிடும். அதனால் நடப்பாள். பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் அவள் போகிற வேகத்தைப் பார்த்தே "இன்னிக்கு ரெண்டாவது பூச்சா கலரக்கா?" என்று கேட்பார்.

மத்தியானம் சாப்பிடப் போனபோது மாமியார் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் எதிரே உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நேத்து அவன்கூட ஃபோன்ல பேசறப்பதான் உனக்குத் தெரியலன்னு புரிஞ்சுது."

"என்ன அத்தை?"

"அவன் கல்யாணம் பண்ணிக்கப் போறானாம்."

கலரக்கா மென்றுகொண்டிருந்ததை முழுங்கினாள். "யாரு?"

"பல் டாக்டராம். கடவாய்ப்பல் வலின்னு போயிருக்கான். பல்லப் புடுங்கிட்டு இவன வச்சுக்கிட்டா போல."

மாமியார் சிரிக்கவில்லை. கலரக்காவுக்குத்தான் சிரிப்பு வந்தது, அது பாதியில் நின்றுபோனது. அவன் கல்யாணம் செய்துகொள்வது அவளை அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. உள்ளே தேடித் தேடிப் பார்த்தாள். பழைய காயம் இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது மாதிரி இருந்தது. வலிக்கவில்லை. ஆனால் வேறெங்கோ குடைந்தது. தினமும் கதவைத் தட்டி 'பசை வாசனை வருதா' என்று கேட்கிறவன் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் அந்தக் கிட்டாரை அவள் கையிலேயே கொடுத்திருக்கிறான்.

"சாப்பிட்டுப் போடீ" என்று மாமியார் கத்துவதற்குள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் அவள் செய்த வேலையை வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். முதலில் கருப்புச் சாயத்தை ஏற்றினாள். அது காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மேலே இருக்கிற கருப்பு போய் புலிவரிக்குள் மட்டும் தங்கும். முழுக்கக் காயவில்லை. தேய்த்தாள். தாள் சேறாக அடைத்துக்கொண்டது. வேறு தாள் எடுத்தாள். வெளியே வானம் மூட்டம் போட்டிருந்தது. மழை பிடித்தால் ஈரக்காற்றில் மெருகு வெள்ளையாகப் பால் பூத்துப்போகும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மெருகுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. ஸ்பிரிட்டில் நீலத்தையும் பச்சையையும் கரைத்து, துணியை நனைத்து, ஒரே இழுப்பில் இழுத்தாள்.

மயில்கழுத்து எழுந்தது. ஒரு கணம் அவளுக்கே மூச்சு நின்றது. வரிகள் தண்ணீருக்கடியில் அசைவது மாதிரி அசைந்தன.

பிறகு ஓரத்தில் அதைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையை ஒட்டி, விரல் நீளத்துக்கு வெளிறிய திட்டு. சாயம் அங்கே மட்டும் இறங்கவில்லை. பசை. பட்டையை ஒட்டும்போது வழிந்த பசையைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறான். மரம் அதைக் குடித்து வாயை மூடிக்கொண்டது. இனி எந்தச் சாயமும் உள்ளே போகாது.

கிட்டாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காலால் கதவைத் தள்ளி முன்னறைக்குப் போனாள். அடியில் இருந்த துணி சுருண்டு கூடவே வந்தது.

"பசையத் துடைக்கக்கூடத் தெரியாதா உனக்கு?"

'உனக்கு' என்றது அவள் காதிலும் விழுந்தது, அவன் காதிலும் விழுந்தது. இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"எங்க?"

"இங்க. கண்ணு எங்க இருந்துச்சு? பல் ஆஸ்பத்திரியிலயா?"

அவன் முகம் வெளுத்தது. "அம்மா சொன்னாங்களா?"

"அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கதவுக்கு அந்தப் பக்கம்தான இருக்கேன்? தட்டினா கேக்காதா?"

"சொல்லலாம்னுதான்… நேரம் பாத்துட்டிருந்தேன்."

"கல்யாணத்தச் சொல்ல வேணாம், அது உங்க விஷயம். இது யாருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்ல? யாருன்னே தெரியாத ஆளுக்கு எத வச்சு நான் கலர் போடறது?"

"சொன்னா நீ போட மாட்டியோன்னு."

"போட மாட்டேனா? இல்ல, வேணும்னே கெடுத்துருவேன்னா?"

அவன் இழைப்புளியைத் துடைக்க ஆரம்பித்தான். அது அவளைச் சுட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று, யாருக்கு என்பதையே மறைத்திருக்கிறான். கடைசியில் அவள் கெடுக்கவில்லை. கெடுத்தது அவனுடைய பசை. ஆனால் சாயம் போடுமுன் ஓரத்தைப் பார்க்காத தன் அவசரமும் அதில் இருக்கிறது என்று தெரிந்ததால் அவளால் அதற்கு மேல் கத்த முடியவில்லை.

"அவங்களக் கூட்டிட்டு வாங்க. கலரக் காட்டணும்."

"அவளுக்கு இது தெரியாது. திடீர்னு குடுத்து அசத்தணும்னு…"

"மயில்கழுத்து அவங்க கேட்டதா?"

"எனக்குத் தெரியும், அவளுக்குப் பிடிக்கும்" என்றான்.

இந்த வார்த்தையை அவள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். வீடு பார்த்தபோது, கட்டில் வாங்கியபோது, பட்டறை போடுகிற ஊரை அவனே முடிவு செய்தபோது. கிட்டாரை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள்.

இரவெல்லாம் புரண்டாள். மறுநாள் காலை, சோதனைக்காகச் சாயம் ஏற்றியிருந்த மேப்பிள் துண்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"என்ன பிரச்சினை?" என்றாள் முன்மேசைப் பெண்.

"வலி."

"எந்தப் பல்லு?"

"எல்லாம்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். கலரக்கா உட்காரவில்லை. மீன்தொட்டிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். ஓடிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

பல் டாக்டர் அவள் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, நரைத்த முன்முடியோடு, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பெண். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து விளக்கைத் திருப்பினார். வாயைத் திறந்தபின் பேச வழியில்லை. மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்குள்ளேயே கிடந்தது.

"தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்களா?"

"ஆ" என்றாள்.

"மேல்பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. மனசுல ரொம்ப ஓட்டமோ?"

"ஆ."

டாக்டர் கண்ணாடிக் குச்சியை எடுத்துவிட்டு, நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கருப்பு, அதன் மேல் நீலப்பச்சை.

"நீங்க கலரக்காவா?"

கலரக்கா எழுந்து உட்கார்ந்தாள். "எப்படித் தெரியும்?"

"அவர் வாயத் தொறந்தா உங்க பேச்சுதான். பூச்சு பத்தி, பாலிஷ் பத்தி. உங்கள வந்து பாக்கணும்னு நானும் சொல்லிட்டே இருக்கேன். இன்னொரு நாள், இன்னொரு நாள்னு தள்ளிட்டே போறாரு." டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். "சண்டைக்கு வந்தீங்களா?"

"இல்ல" என்று சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. பையிலிருந்து மரத்துண்டை எடுத்து நீட்டினாள். "இந்தக் கலர் பிடிச்சிருக்கா பாருங்க."

டாக்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அழகா இருக்கே."

"அழகா இருக்குன்னு எனக்கே தெரியும். உங்க கிட்டாருக்குப் பிடிச்சிருக்கா?"

டாக்டர் தயங்கினார். பிறகு சிரித்தார். "எனக்கா? கிட்டாரா? ஐயோ. கத்துக்கறேன்னு ஒரு தடவ சொன்னேன், அவ்வளவுதான்."

அப்போதுதான் கலரக்காவுக்கு உறைத்தது. அசத்தப் போகிறேன் என்று அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் தான் போட்டு உடைத்துவிட்டோம். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உடைந்தது உடைந்துவிட்டது.

"மரம் மரமாட்டம் இருந்தா போதும் எனக்கு" என்றார் டாக்டர் மெல்ல. "நல்ல பழுப்பு. கடுந்தேநீர் மாதிரி. நாள் முழுக்க வெள்ளையும் நீலமுமா இந்த ரூம்ல இருக்கேன். சாயங்காலமும் ஏன் நீலம்?"

"அவரு கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"கேட்டாத்தான?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனால் பட்டறைக்குத் திரும்பும் வழியில் சிரிப்பு வடிந்துபோயிற்று. மேப்பிள் குடித்த சாயத்தைத் திரும்ப வாங்க முடியாது. தேய்க்கலாம், மேலே உள்ளது போகும், வரிக்குள் இறங்கியது போகாது. ரொம்பத் தேய்த்தால் பலகை மெலிந்து போகும். வெளிர் நிறத்துக்கு இனி வழியே இல்லை. போனால் இன்னும் இருட்டுப் பக்கமாகத்தான் போக முடியும். ஒவ்வொரு தெருவிளக்குக் கம்பத்தையும் கடக்கும்போது ஒரு கலவையை யோசித்து, அடுத்த கம்பத்தில் வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு டாக்டரே வந்தார். முன்னறை வழியாக வந்தபோது கிட்டார்க்காரன் மரக்கடைக்குப் போயிருந்தான். அது அவர்கள் திட்டம் போட்டது அல்ல, நல்லதாகப் போயிற்று. கலரக்கா கிட்டாரின் மேல் துணியை விலக்கினாள். டாக்டர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த ஒன்றுக்காகவே கலரக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"இது காஞ்சா இப்படிச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான் தெரியும்" என்று சொல்லி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடைத்தாள். நிறம் குப்பென்று ஆழமானது. "மெருகு போட்டப்புறம் இப்படி இருக்கும்."

"பல்லும் இதே கதைதான்" என்றார் டாக்டர். "வாயத் தொறந்து வச்சு கொஞ்ச நேரம் ஆச்சுன்னா பல்லு காஞ்சு வெளுத்துரும். அதப் பாத்து செயற்கைப் பல்லு செஞ்சா, அப்புறம் அது மட்டும் தனியா பல்லிளிக்கும். அதனால காயறதுக்கு முன்னாடி, ஜன்னல் வெளிச்சத்துல பாத்து கலர் முடிவு பண்ணிடணும்."

"எத்தனை வெள்ளை இருக்கு?"

"அட, எக்கச்சக்கம். மஞ்ச வெள்ளை, சாம்ப வெள்ளை, சிகப்பு ஓடற வெள்ளை. எனக்கு உங்க அளவுக்குத் தைரியம் இல்ல, வெள்ளையிலேயே ஓட்டிட்டேன்."

துண்டு மரங்களை வரிசையாகப் போட்டு முயன்றார்கள். மயில்கழுத்தின் மேல் மஞ்சள் போட்டதும் பாசி பிடித்த குளமாயிற்று. சிவப்பு போட்டதும் கத்தரிக்காய். கலரக்காவுக்கு நெற்றி வியர்த்தது. எழுந்து ஜன்னல் வரை போய் வந்தாள். பிறகு மயில்கழுத்தை நன்றாகத் தேய்த்தெடுத்த ஒரு துண்டில் ஆரஞ்சைக் கொஞ்சமாக வைத்தாள். நீலம் ஆரஞ்சுக்குள் செத்து, பழுப்பாக எழுந்தது. தேநீர் அல்ல, தேநீரைவிடக் கருத்து, புகை படிந்த பழுப்பு. வரிகளின் உள்விளிம்பில் மட்டும், சாய்த்துப் பிடித்தால், நீலம் மினுங்கியது.

"இது" என்றார் டாக்டர்.

"அந்தத் திட்டு?" என்று ஓரத்தைக் காட்டிக் கேட்டார் பிறகு.

"அவர் பசை. பிளேடால சுரண்டறேன், முழுக்கப் போகாது. ஓரத்த மட்டும் சுத்திக் கருப்பா இருட்டாக்கி, நடுவுல வெளிச்சமா விடலாம். திட்டு அந்த இருட்டுல போயிரும். அழகுக்குப் பண்ணினதுன்னு எல்லாரும் நெனைப்பாங்க."

"நாங்க சொத்தப் பல்ல அடைக்கறதும் அப்படித்தான்."

அவள் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். இந்த முறை காயும்வரை விட்டாள். டாக்டர் பேசிக்கொண்டே இருந்ததால் கால் ஓரிடத்தில் நின்றது.

மறுநாள் ஆரஞ்சும் ஏறி, ஓரமும் இருண்டு கிட்டார் காய்ந்துகொண்டிருக்கும்போது அவன் உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மயில்கழுத்து எங்க?"

"அடியில இருக்கு."

"நான் கேட்டது…"

"நீங்க கேட்டீங்க. அவங்க கேக்கல. நான் போய் அவங்களையே கேட்டுட்டேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. "யாரு உன்ன அங்க போகச் சொன்னது? எவ்வளவு ஆசையா செஞ்சேன் தெரியுமா? எல்லாத்தையும்…" மீதியைச் சொல்லாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு முன்னறையிலிருந்து இழைப்புளிச் சத்தம் மட்டும் கேட்டது. எந்த மரத்தை அப்படி இழைக்கிறானோ, பாவம் அது என்று நினைத்தாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவன் முகம் கண்ணை விட்டு அகலவில்லை. நல்ல பலகையை எடுத்து, மெலிசாகக் கழுத்து செதுக்கி, டாக்டரின் விரலளவை மனத்தாலேயே எடுத்திருக்கிறான். அந்த அன்பில் பொய் இல்லை. வாயைத் திறந்து கேட்கத்தான் தெரியாது.

மாலையில் டாக்டர் அவனைப் பார்க்க வந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் கலரக்கா அரக்கு பாலிஷைக் கலக்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அவன் குரல், பிறகு டாக்டர் குரல். "எனக்குக் குடுக்கறத எனக்குத் தெரிஞ்சு குடுங்க. இல்லன்னா அது உங்களுக்கு நீங்களே குடுத்துக்கறது" என்று டாக்டர் சொன்னது தெளிவாகக் கேட்டது. பிறகு குரல்கள் தாழ்ந்துபோயின. கலரக்காவுக்குக் கை பரபரத்தது. கதவைத் திறக்காமலிருக்க, கலக்கிய பாலிஷையே மறுபடி மறுபடி கலக்கினாள்.

கடைசியில் அவன்தான் கதவைத் தட்டினான். இருவரும் உள்ளே வந்தார்கள். கிட்டாரை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தான். இருட்டு ஓரத்தில் விரலை வைக்காமல் வைத்து, திட்டைத் தேடினான்.

"பசை எங்க?"

"கண்டுபிடிங்க."

அவனால் முடியவில்லை. "நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றான். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா" என்றாள் கலரக்கா. "இனிமே யாருக்குக் கலர் போடறதா இருந்தாலும் அவங்க இங்க வரணும். என் முன்னாடி உக்காந்து அவங்க வாயால சொல்லணும். இல்லன்னா வெள்ளை மரமாவே வித்துக்குங்க."

சரி என்றான்.

மழை வந்து போனது. மெருகு பூச்சு பூச்சாக ஏறியது; ஈரக்காற்றில் ஒருமுறை பால் பூத்து, அவளைத் தெருவெல்லாம் நடக்கவைத்து, தானாகவே தெளிந்தது. கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். மாமியார் போய்விட்டு வந்து, பெண் நல்ல பெண், ஆனால் நான் இடம் மாறப் போவதில்லை என்று அறிவித்தார். கலரக்கா போகவில்லை. அன்றைக்கு ஏன் வேலை ஓடவில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவன் கதவைத் தட்டினான். பின்னால் உயரமாக, கூச்சமாக ஒரு மனிதர். அடுத்த கிட்டாருக்குச் சொல்லியிருந்தவர்.

"உக்காருங்க" என்றாள். "என்ன கலர் நெனச்சிருக்கீங்க?"

"அவருக்குக் கொஞ்சம் சிகப்பு கலந்த மாதிரி" என்றான் கிட்டார்க்காரன். "ரொம்ப அடிக்கக் கூடாது. நடுவுல…"

கலரக்கா அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வாசல் வரை கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினாள். அடியில் துணியைச் சொருகினாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள்.